நேர்ந்துவிட்ட தூக்கம்

துளசிமணி தன் தூக்கத்தைச் செல்லாண்டியம்மனுக்கு நேர்ந்துவிட்டுப் பதினாலு மாதம் ஆன பிறகு ஒரு புதன்கிழமை காலையில், புங்கவலசு தேங்காய்க் களத்தில் உடைத்துப் போட்ட மூடிகளில் ஏழெட்டு சிவப்பாகக் கிடப்பதைப் பார்த்த மேஸ்திரி, யாரோ குங்குமத்தைக் கொட்டிவிட்டார்கள் என்று நினைத்துக் குனிந்து தொட்டு, அது ரத்தம் என்று தெரிந்து, வரிசையாக உட்கார்ந்திருந்த பதினோரு பெண்களின் கைகளையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்து, கடைசியில் துளசிமணியிடம் நின்றான். அவளுடைய இடது ஆள்காட்டி விரல் எலும்பு தெரியப் பிளந்திருந்தது. அவள் அடுத்த தேங்காயைக் கையில் எடுத்திருந்தாள்.

“அக்கா, கையைப் பாருங்க” என்றான் மேஸ்திரி.

அவள் பார்த்தாள். “அட, ஆமாங்க” என்றாள். விரலை முந்தானையில் சுற்றிக்கொண்டு, எடுத்த தேங்காயையும் உடைத்துப் போட்டுவிட்டுத்தான் எழுந்தாள்.

வெளியூர்க்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் பக்கம் காரியம் ஒன்று நடக்க வேண்டுமென்றால் அம்மனிடம் ஒன்றை நேர்ந்துகொள்வோம். கடா, சேவல், தலைமுடி, சிலபேர் காளைக்கன்று. காரியம் நடந்ததும் கன்றைக் கோயிலில் கொண்டுவந்து விட்டுவிடுவோம். அன்று முதல் அது அம்மனுடையது, யார் காட்டில் வேண்டுமானாலும் இறங்கும், யார் வாசலில் வேண்டுமானாலும் படுக்கும், அதைக் கட்டக் கூடாது, ஒரு குச்சியால் தொடக்கூடக் கூடாது. துளசிமணியிடம் மாடு கன்று இல்லை. புருஷன் சூரத்துக்கு வேலைக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பமாகிவிட்டான். அவளிடம் இருந்தவை இரண்டே இரண்டு: கோகிலவாணி என்று பத்தொன்பது வயதில் ஒரு மகள், அப்புறம் ஊரே கண் வைத்த தூக்கம். பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடி தூங்குவாள், களத்தில் டீ வருவதற்குள் சாக்கில் சாய்ந்து ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடுவாள், படுத்தாளா தூங்கினாளா என்று நாங்கள் கேலி செய்வோம். கோகிலவாணி மூளைக் காய்ச்சலில் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்த ஒன்பதாம் நாள், தாழ்வாரத்தில் நின்றபடி அவள் நேர்ந்துகொண்டாள்: எம் பொண்ணு எந்திரிச்சு வந்துட்டா, எந் தூக்கத்தை உனக்கு உட்டர்றேன் ஆத்தா.

பன்னிரண்டாம் நாள் கோகிலவாணி செத்துப்போனாள்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் துளசிமணி தலைக்குக் குளித்து, ஈரச் சேலையோடு, நேர்ந்ததைச் செலுத்தக் கோயிலுக்கு வந்தாள். கேட்டது கிடைத்தவர்கள்தான் நேர்ந்ததைச் செலுத்துவார்கள். தவிரவும் சாவு விழுந்த வீட்டுக்காரி தீட்டுக் கழியாமல் கோயில் படி மிதிக்கக் கூடாது. பூசாரி நாச்சிமுத்துக்கு இதெல்லாம் தெரியாதா? திரும்பிப் போ அம்மிணி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் அப்படிச் சொன்னால், உன் வீட்டில் சாவு விழுந்திருக்கிறது என்று அவள் முகத்துக்கு நேராகச் சொன்னதாகிவிடும். அவர் சொல்லவில்லை. நின்ற நாங்களும் சொல்லவில்லை. தீர்த்தச் சொம்பை எடுத்து அவளுக்குப் பக்கத்தில் இருந்த வெறும் இடத்தில் தெளித்தார். கடாயாக இருந்தால் உடம்பை உதறிச் சிலிர்க்க வேண்டும், அதுதான் உத்தரவு. இங்கே சிலிர்க்க எதுவும் இல்லையே என்று நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பூசாரி வாய் பிளந்து ஒரு கொட்டாவி விட்டார், அடுத்து மேளக்காரர் விட்டார், அப்புறம் வரிசையாக நாங்கள் எல்லோரும் விட்டோம். அம்மன் ஏற்றுக்கொண்டாள் என்று தெரிந்தது.

அன்று முதல் துளசிமணியின் தூக்கம் ஊருக்குள் நடமாடத் தொடங்கியது. கண்ணால் கண்டவர் யாரும் இல்லை. அது வரும் வழியில் நாய்கள் ஒவ்வொன்றாகப் படுக்கும், அதை வைத்துத் தெரிந்துகொள்வோம். காலையில் பால் சொசைட்டி, பதினொன்றரைக்கு ஆஸ்பத்திரி, ரெண்டு மணிக்கு ரேஷன் கடை, அப்புறம் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்பு, ராத்திரிக்கு முறை வைத்தாற்போல ஒரு தெரு. முதல் வாரம் அது மினி பஸ்ஸில் ஏறிவிட்டது. டிரைவர் புளியமரத்தடியில் ஓரங்கட்டி நிறுத்திவிட்டு எல்லோருமாக ஒண்ணே கால் மணி நேரம் தூங்கி எழுந்தார்கள், யாரும் குறை சொல்லவில்லை. இருந்தாலும் பஞ்சாயத்தில் பேசி, ஊர் எல்லையில் மஞ்சள் பலகை வைத்தோம்: அம்மனுக்கு விட்ட தூக்கம் நடமாடும் பகுதி, வாகனங்கள் மெதுவாகச் செல்லவும். வெள்ளிக்கிழமைகளில் பெண்கள் வாசல் தெளித்துப் பாய் விரித்துத் தலையணையும் போட்டு வைத்தார்கள். உள்ளூர்ப் பகையாளிகள் இரண்டு பேர் ஒரே திண்டில் தலை வைத்துத் தூங்கி, எழுந்ததும் வெட்கப்பட்டுச் சமாதானமாகிப் போனார்கள். எங்களுக்கும் சொந்தமாகத் தூக்கம் இருந்தது, இல்லாமல் இல்லை. ஆனால் துளசிமணியின் தூக்கத்தைத் தூங்கிப் பார்த்த பிறகு, எங்களுடையது தண்ணீர் ஊற்றிய மோராகிவிட்டது.

அது அவள் வீட்டுப் பக்கம் மட்டும் போகவில்லை. விட்டவர் வீட்டுக்குத் திரும்பாது என்பதுதான் வழக்கம். அவள் விடிய விடிய உட்கார்ந்திருந்தாள், விடிந்ததும் களத்துக்கு வந்தாள், அழவில்லை, இளைக்கவில்லை, யாரிடமும் முகம் கோணவில்லை. மகளின் போன் நம்பர் அவளிடம்தான் இருந்தது. லேப் டெக்னீஷியன் படித்த காலேஜிலிருந்தும், கம்ப்யூட்டர் கிளாஸிலிருந்தும், எங்கெங்கிருந்தோ கூப்பிடுவார்கள்.

“கோகிலவாணி இருக்காங்களா?”

“அவ இப்ப இல்லீங்க.”

“சரிங்க மேடம், அப்புறம் கூப்பிடறோம்.”

அவர்கள் அப்புறம் கூப்பிடுவார்கள். அவள் அதையே சொல்வாள். பதினாலு மாதமாகக் களத்தில் இருந்த பத்துப் பெண்களும் இதைக் கேட்டுக்கொண்டு தேங்காய் உடைத்தார்கள்.

டாக்டர் எஸ்தர் நிர்மலா நாகர்கோவில் பக்கத்துக்காரர். எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. எங்களைப் போல வார்த்தைக்கு வார்த்தை ‘ங்க’ போட அவருக்கு வரவில்லை. வராவிட்டால் போகிறது, கைராசிக்காரர் எப்படிப் பேசினால் என்ன. அந்தப் புதன்கிழமை துளசிமணியின் விரலுக்கு மரத்துப்போகிற ஊசியைப் போட்டுவிட்டு, அது பிடிக்கட்டும் என்று அவர் காத்திருந்தார்.

“காத்திருக்க வேண்டாங்க டாக்டரம்மா, தெச்சிருங்க” என்றாள் துளசிமணி. “வலிக்கறதில்லீங்க.”

“ஊசி இன்னும் பிடிச்சிருக்காதே. எது வலிக்கலை?”

“எதுவுமே வலிக்கறதில்லீங்க.”

டாக்டர் அவள் முகத்தைப் பார்த்தார். தைத்துக்கொண்டே கேட்டார். “ராத்திரி நல்லாத் தூங்குறீங்களா?”

“தூங்கறதில்லீங்க.”

“சரியாத் தூங்குறதில்லையா, தூங்குறதே இல்லையா?”

“தூங்கறதே இல்லீங்க. பதினாலு மாசமாச்சுங்க.”

ஒரு பொட்டுக்கூடத் தூங்கவில்லை என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களையும், அவர்கள் விட்ட குறட்டையைப் பற்றிச் சொல்லக் கூடவே வருகிற வீட்டுக்காரர்களையும் டாக்டர் நிறையப் பார்த்திருக்கிறார். “நமக்கே தெரியாமத் தூங்கியிருப்போம். கூட இருக்கிறவங்களைக் கேட்டாத்தான் தெரியும். வீட்ல யாரு யாரு?”

“நானும் எம் பொண்ணுமுங்க.”

“பொண்ணு என்ன சொல்றா?”

“அவ இப்ப இல்லீங்க.”

“வெளியூர்ல படிக்கிறாளோ?”

“கோயமுத்தூரு போனாளுங்க.”

மகள் கோவையில் என்று டாக்டர் சீட்டில் எழுதினார். பிறகு பொறுமையாக ஒவ்வொன்றாகச் சொன்னார். நாலு மணிக்கு மேல் டீ குடிக்கக் கூடாது. பகலில் படுக்கக் கூடாது. தினமும் ஒரே நேரத்துக்குப் படுத்து ஒரே நேரத்துக்கு எழ வேண்டும். வரவில்லையென்றால் படுக்கையில் புரண்டுகொண்டிருக்காமல் எழுந்து உட்கார்ந்து ஏதாவது செய்ய வேண்டும், வந்த பிறகு போய்ப் படுக்க வேண்டும். துளசிமணி தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

“அது வராதுங்க டாக்டரம்மா” என்றாள் கடைசியில்.

“வரும். உடம்புன்னு ஒண்ணு இருந்தா தூக்கம் வந்துதான் ஆகணும்.”

“சாமிக்கு உட்டது ஊட்டுக்கு வராதுங்க.”

இது ஏதோ இந்தப் பக்கத்துப் பேச்சு வழக்கு என்று டாக்டர் எடுத்துக்கொண்டார். ஒரு வாரத்துக்கு மாத்திரை எழுதினார். “அடுத்த புதன் தையல் பிரிக்க வரப்போ பொண்ணையும் கூட்டிட்டு வாங்க. உங்க தூக்கத்தைப் பத்தி அவகிட்ட ரெண்டு வார்த்தை கேக்கணும்.”

பக்கத்தில் கட்டுத் துணி வெட்டிக்கொண்டிருந்த நர்ஸ் அமராவதியின் கத்தரிக்கோல் நின்றது.

“சரிங்க” என்றாள் துளசிமணி.

அடுத்த புதன் அவள் தனியாகத்தான் வந்தாள். விரல் கூடியிருந்தது. டாக்டர் தையலைப் பிரித்தார்.

“மாத்திரை போட்டீங்களா?”

“போட்டனுங்க.”

“தூக்கம் வந்துச்சா?”

“கண்ணு மூடுச்சுங்க. கை காலெல்லாம் மூட்டையாட்டக் கெடந்துச்சுங்க. நான் பக்கத்துல உக்காந்து பாத்துட்டே இருந்தனுங்க.”

டாக்டரின் பேனா நின்றது. “எதைப் பாத்துட்டு இருந்தீங்க?”

“கெடக்கறவளைங்க.”

“கனவு ஏதாச்சும்?”

“கனவு அதுகூடவே போயிருச்சுங்களே.”

“பொண்ணு வரலையா?”

“அவ இப்ப இல்லீங்க.”

அவள் போன பிறகு அமராவதி கதவைச் சாத்திவிட்டு, டாக்டருக்கு எதிரில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னாள். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நேர்ந்தது, நடக்காததற்குச் செலுத்தியது, தீட்டோடு வந்தவளைப் பூசாரி தடுக்காதது, மஞ்சள் பலகை, பதினொன்றரை மணி. டாக்டர் படித்து முடித்த நாளிலிருந்து ஆறு வருஷம் இரவும் பகலும் டூட்டி பார்த்துப் பார்த்துத் தூக்கத்தைத் தொலைத்தவர். மேஜை டிராயரில் தனக்கென்றும் ஒரு மாத்திரை அட்டை வைத்திருந்தவர். எங்கள் ஊருக்கு வந்து நாலாம் மாதத்திலிருந்து தினமும் பதினொன்றரைக்கு மேஜையில் தலை சாய்த்து இருபது நிமிஷம் தூங்கினார். இந்த ஊர்க் காற்று ஒத்துக்கொண்டது என்று அம்மாவுக்குப் போனில் சொல்லியிருந்தார்.

“அப்போ நான் தூங்குறது...” என்றார்.

“ஆமாங்க டாக்டர். நாம எல்லாருமே.”

டாக்டர் துளசிமணியின் சீட்டை எடுத்து, மகள் கோவையில் என்றிருந்ததை அடித்தார். அந்த இடத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல் வெறுமையாக விட்டார்.

இனி நான் சொல்லப்போவது எங்களுக்குப் பெருமையான விஷயம் இல்லை. துளசிமணியின் தூக்கத்தைத் தூங்கியவர்களுக்கெல்லாம் துளசிமணியின் கனவுதான் வந்தது. முதலில் கண்டவர் மினி பஸ் டிரைவர். கனவில் கோகிலவாணி பஸ் ஸ்டாப் திண்டில் வெள்ளை லேப் கோட்டோடு, தலையை விரித்துப் போட்டபடி உட்கார்ந்திருந்தாள். ஒரு சீப்பை நீட்டி, பின்னி விடுங்க என்றாள். டிரைவர் வாழ்நாளில் ஒரு தலை பின்னியதில்லை. ஏதோ மூன்று காலாகப் பிரித்துப் போட்டார். அவள் தடவிப் பார்த்துவிட்டு அவிழ்த்துவிட்டாள். மூணு இல்லீங்க, நாலு என்றாள். அவரும் நாலு காலாகப் பிரித்து, இடது ஓரத்துக் காலை முதலில் மடித்து, ரெண்டாவது காலில் ரிப்பனைச் சேர்த்து, அவள் சொல்லச் சொல்லப் பின்னி முடித்தார். அதையும் தடவிப் பார்த்துவிட்டு, அம்மா இல்லீங்களா என்று கேட்டாள். என்ன சொல்வது? இப்ப இல்லை கண்ணு என்றார் டிரைவர். சரிங்க, அப்புறம் கேக்கறேன் என்றாள்.

ரேஷன் கடைக்காரர் பின்னினார், பால் சொசைட்டிக் கணக்கப்பிள்ளை பின்னினார், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேரும் பின்னினார்கள், டாக்டரும் யார் தலை என்று தெரியாமலே பின்னி, அமராவதி சொன்ன பிறகுதான் தெரிந்துகொண்டார், நானும் பின்னினேன். ஒருத்தர்கூடத் துளசிமணியிடம் சொல்லவில்லை. கூடிப் பேசி முடிவெடுத்ததல்ல, தானாகவே அப்படி ஆயிற்று. பாவம், அவள் மனசு என்ன பாடுபடும் என்று எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம். அது பொய் இல்லை. ஆனால் தெரிந்தால் அவள் தூக்கத்தைத் திரும்பக் கேட்பாள் என்பதும் எங்களுக்குத் தெரியும். பதினாலு மாதமாக அந்தப் பெண் எங்கள் எல்லோரிடமும் அம்மாவைக் கேட்டுக்கொண்டிருந்தாள், நாங்கள் எல்லோரும் இப்ப இல்லை என்று சொல்லிவிட்டு, எழுந்து, முகம் கழுவிக்கொண்டு, அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்து டீ குடித்தோம். எனக்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

மூன்றாவது புதன், விரலைக் காட்டத் துளசிமணி ஆஸ்பத்திரிக்கு வந்தபோது மணி பதினொன்று முப்பத்தைந்து. வாசலில் நாய்கள் படுத்திருந்தன. உள்ளே பெஞ்சில் வரிசையாக, கையில் டோக்கனோடு, இருமல்காரர்களும் சுகர்காரர்களும் மாதமான பெண்களும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். மருந்து கொடுக்கும் ஜன்னலில் மருந்தாளுநர் தூங்கினார். அமராவதி சுவரில் சாய்ந்து தூங்கினாள். அவர்களுக்கு நடுவில், யார் காலையும் மிதிக்காமல், தன்னுடைய தூக்கத்தின் ஊடாகவே துளசிமணி நடந்து போனாள். அது அவளைத் தொடவில்லை. கூப்பிட ஆள் இல்லாததால் அவளே டாக்டரின் அறைக்குள் போய் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

டாக்டர் மேஜையில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். ஒரு வாரமாக அவர் பதினொன்றரைக்கு முகத்தைக் கழுவிக்கொண்டும் நின்றுகொண்டும் பார்த்திருக்கிறார், முடியவில்லை. அவருடைய கைகள் மட்டும் தூங்கவில்லை. கட்டுத் துணி நாடாக்கள் நாலை எடுத்து, இடது ஓரத்து நாடாவை முதலில் மடித்து, மேலே ஒன்று கீழே ஒன்றாக விட்டு, மெதுவாகப் பின்னிக்கொண்டிருந்தன. துளசிமணி அதைப் பார்த்தாள். களத்தில் மேஸ்திரி சும்மா இருக்கும்போது தேங்காய் நாரை இப்படிப் பின்னுவதையும், மினி பஸ் டிரைவர் கண்ணாடியில் இப்படியொரு கயிற்றைத் தொங்கவிட்டிருப்பதையும் அவள் பார்த்திருக்கிறாள்; பார்த்ததெல்லாம் கண்ணோடு நின்றிருந்தது. இப்போது உள்ளே போயிற்று.

வெளியே நாய்கள் எழுந்து காதை உதறின. தூக்கம் அடுத்த இடத்துக்குக் கிளம்பிவிட்டது. டாக்டர் கண் விழித்தார்.

“இது உங்களுக்கு யாருங்க சொல்லிக் குடுத்தாங்க?” என்று கேட்டாள் துளசிமணி.

டாக்டர் கையிலிருந்த பின்னலைப் பார்த்தார். பொய் சொல்ல நேரம் இருந்தது. அவர் சொல்லவில்லை. “உங்க பொண்ணு” என்றார்.

துளசிமணி பின்னலைத் தொட்டுப் பார்த்தாள்.

“தலையை விரிச்சுப் போட்டு பஸ் ஸ்டாப்ல உக்காந்திருக்கா. யாரு வந்தாலும் சீப்பை நீட்டுறா. இந்த ஊர்ல எல்லாரும் பின்னியாச்சு. யாரு பின்னினாலும் அவளுக்குப் பிடிக்கலை. உங்களைத்தான் கேக்கிறா.”

“நீங்க என்னங்க சொன்னீங்க?”

“இப்ப இல்லைன்னேன்.”

“அவ?”

“சரிங்க, அப்புறம் கேக்கறேன்னா.”

அமராவதி வாசலில் வந்து நின்றிருந்தாள்; இதையெல்லாம் அவள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். பிறகு துளசிமணி தன் இடது கையைத் தூக்கிப் பார்த்தாள்.

“வெரல் வலிக்குதுங்க டாக்டரம்மா” என்றாள்.

டாக்டர் அந்தக் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டார். “நான் எழுதுற மாத்திரை உங்களை அவகிட்டக் கொண்டுபோகாது. எனக்கு உங்க கோயில் வழக்கமெல்லாம் தெரியாது. ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன். நீங்க கேட்டது நடந்துச்சா?”

துளசிமணி எழுந்து, அங்கிருந்து நேராகக் கோயிலுக்குப் போனாள். பின்னாலேயே டாக்டர் போனார், டாக்டர் இல்லாத ஆஸ்பத்திரியில் என்ன வேலை என்று இருமல்காரர்களும் போனார்கள், விஷயம் பரவிக் களத்திலிருந்தும் கடைகளிலிருந்தும் நாங்களும் போனோம். நல்ல உச்சி வெயில். பூசாரி நாச்சிமுத்து நடை சாத்தப் போனவர், கூட்டத்தைப் பார்த்ததும் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

“எந் தூக்கத்தைத் திலுப்பிக் கேக்க வந்தனுங்க” என்றாள் துளசிமணி.

கூட்டத்தில் ஒரு குரல், “ஊரே நல்லாத் தூங்குது அம்மிணி, யோசிச்சுச் செய்யுங்க” என்றது. யார் என்று நான் சொல்லமாட்டேன். நான்தான் என்று நீங்கள் நினைத்தாலும் மறுக்கமாட்டேன்.

பூசாரி அந்தப் பக்கம் திரும்பவில்லை. “நடக்காததுக்குச் செலுத்த வேண்டியதில்லை அம்மிணி” என்றார். “அன்னைக்கே நான் உன்னையத் திலுப்பி அனுப்பியிருக்கோணும். மனசு வரலை. அது எந் தப்பு. செலுத்துனதைக் கேட்டு வாங்கலாம். ஆனா நடக்கலீன்னு நீ உன் வாயால ஆத்தாகிட்டச் சொல்லோணும். எனக்குத் தெரியும், ஊருக்குத் தெரியும், ஆத்தாளுக்கும் தெரியும். நீ சொல்லாம நான் தீர்த்தம் எடுக்க முடியாது.”

துளசிமணி அம்மனுக்கு எதிரில் போய் நின்றாள். “ஆத்தா, அவ இப்ப...” என்றாள். நின்றுவிட்டாள். மறுபடியும், “அவ இப்ப...” என்றாள். மூன்றாம் தடவையும் அதே இடத்தில் நின்றது. பதினாலு மாதமாக ஒரே தடத்தில் போய்ப் பழகிய வாய் வேறு பக்கம் திரும்ப மாட்டேன் என்றது. நாங்கள் காத்திருந்தோம். யாராவது ஒருத்தர் அவளுக்காகச் சொல்லிவிட்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. சொல்ல முடிகிறவர்கள் எல்லோரும் சொல்லாமல் விட்டதால்தான் இத்தனையும் என்பதும் தெரிந்தது.

“எம் பொண்ணு எந்திரிச்சு வரலை ஆத்தா” என்றாள் துளசிமணி. “செத்துப் போயிட்டா. கோகி செத்துப் போயிட்டா. எந் தூக்கத்தைக் குடுத்துரு.”

பூசாரி தீர்த்தத்தை எடுத்து அவள் மேலேயே தெளித்தார். உச்சந்தலையிலிருந்து பாதம் வரை அவள் உடம்பு ஒரு தடவை உதறிச் சிலிர்த்தது.

“திரும்பிப் பாக்காமப் போ கண்ணு” என்றார்.

அவள் போனாள். ரேஷன் கடை வாசலில் படுத்திருந்த நாய்கள் எழுந்தன. பள்ளிக்கூட வாசலில் ஒன்று எழுந்தது. அவள் கடந்து போகப் போக, பின்னாலேயே தெருத் தெருவாக நாய்கள் விழித்து எழுந்து நின்றன. அவள் வீட்டு வாசலில் கிடந்த கிழட்டு நாய் மட்டும், பதினாலு மாதத்தில் முதல் தடவையாக, முன்னங்காலில் முகத்தை வைத்துப் படுத்தது. துளசிமணி உள்ளே போய்ப் பாயை விரித்தாள். படுத்தாளா தூங்கினாளா என்று சொல்ல முடியாது, அவ்வளவு சீக்கிரம்.

அன்றிரவு எங்களுக்கு எங்கள் தூக்கமே வந்தது. அதில் எங்கள் கடலைக்காடும் எங்கள் வாய்க்கால் தகராறும்தான் கனவாக வந்தன. யாரும் சீப்பை நீட்டவில்லை. மினி பஸ் டிரைவர் காலையில் எழுந்து, பள்ளிக்கூடம் கிளம்பிய தன் மகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து நாலு கால் பின்னல் போட்டு அனுப்பினாராம். களத்தில் அவள் வீட்டுப் பக்கமாக இருந்த வரிசையில் மூன்று நாள் தேங்காய் உடைக்க வேண்டாம் என்று மேஸ்திரி சொல்லிவிட்டான். மினி பஸ் அந்தத் தெருவில் ஹாரன் அடிக்கவில்லை. மஞ்சள் பலகையை எடுப்பதா வைப்பதா என்று பஞ்சாயத்தில் முடிவாகவில்லை, இன்னும் இருக்கிறது.

மூன்றாம் நாள் காலை டாக்டர் எஸ்தர் நிர்மலா அவளைப் பார்க்க வந்தார். அவர் கண்ணுக்குக் கீழே பழைய கருவளையம் திரும்பியிருந்தது. பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து நாடி பார்க்கக் கையைத் தேடினார். கை நிற்கவில்லை. துளசிமணியின் இரண்டு கைகளும் மார்புக்கு மேலே, காற்றில், ஒன்றைப் பிரித்து ஒன்றை மடித்து, மேலே ஒன்று கீழே ஒன்றாக விட்டு, நடுநடுவே சிக்கெடுத்துக்கொண்டு, ஒரு அவசரமும் இல்லாமல் வேலை செய்துகொண்டிருந்தன. ஆள்காட்டி விரலில் தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது. மூடிய கண்களிலிருந்து கண்ணீர் காதுப் பக்கமாக இறங்கித் தலையணையை நனைத்திருந்தது. நாடி பார்க்காமலே டாக்டர் கையை எடுத்துக்கொண்டார்.

ஜன்னலில் இருந்த போன் அடித்தது. அவள் எழுந்துவிடக் கூடாதென்று டாக்டர் சட்டென்று எடுத்தார். வாசலில் நின்ற எங்களுக்கும் அந்தப் பக்கத்துக் குரல் கேட்டது.

“கோகிலவாணி இருக்காங்களா?”

டாக்டர் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். “இருக்கா” என்றார். “அவங்கம்மா தலை பின்னிட்டிருக்காங்க.”

“எப்பங்க மேடம் பேசலாம்?”

“பின்னி முடியட்டுங்க” என்றார் டாக்டர். எங்கள் ஊருக்கு வந்து ஒன்றரை வருஷத்தில் அவர் ‘ங்க’ போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.